கறுத்த கையும் கவிழ்த்த கூடையும்

டோல்கேட்டிலிருந்து உள்ளே பிரியும் மில் லைன் வீடுகளில், வரலட்சுமியைப் போல மீன் பார்த்து வாங்கத் தெரிந்தவள் கிடையாது. செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். வயிற்றை அழுத்திப் பார்ப்பாள். மீனின் கண்ணைப் பார்த்துவிட்டு, மீன்காரியின் கண்ணையும் ஒரு தரம் பார்த்த பிறகுதான் பேரத்துக்கே வருவாள். அப்படிப்பட்டவள் அன்று காலை இரண்டு கைகளையும் புடவைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா, கூடைய எறக்கட்டுமா? சங்கரா கீது. இன்னும் துள்ளல் அடங்கல" என்றாள் சிவந்தி.

"இன்னிக்கு வேணாம்மே. எங்க வூட்டுக்காரருக்கு வவுறு சரியில்ல."

"நேத்தும் இதத்தான் சொன்னே. வவுறா அது, பழைய காலணாவப் பாத்த கடைக்காரனா? எதையும் வாங்கிக்க மாட்டேங்குதே!"

புதுக் காசு வந்து, பழைய காசைக் கடைக்காரர்கள் வாங்கத் தயங்கிய வருஷம் அது. வேறொரு நாளாக இருந்தால் வரலட்சுமி தெருவே திரும்பிப் பார்க்கச் சிரித்திருப்பாள். இன்று அவள் பார்வை கூடையின் விளிம்பைப் பிடித்திருந்த சிவந்தியின் கையிலேயே நின்றது.

சிவந்தியும் தன் கையைப் பார்த்தாள். விரல் கணுக்கள் அடுப்பில் வைத்த மண்சட்டியின் அடியைப் போல இருந்தன. உள்ளங்கை ரேகைகளில் யாரோ மசியை ஊற்றி ஓடவிட்டது போலக் கறுப்புக் கோடுகள்.

"கையி இன்னாம்மே இப்படி ஆயிட்டுது? மூஞ்சியும் அப்படித்தான் கீது."

"ஆஸ்பத்திரி மாத்திர சாப்புடறேன்மா. அதுல கறுத்துப் போச்சு."

"மாத்திர தின்னா காய்ச்ச போவும், தலநோவு போவும். கலரு போவுமா? யாருக்கு காது குத்தறே?" வரலட்சுமி குரலைத் தாழ்த்தினாள். "கோச்சுக்காதே. பசங்க இருக்கிற வூடு. நல்லானப்புறம் வா, நானே வாங்கறேன்."

கதவு சாத்திக்கொண்டது. அடுத்த வீட்டுக் கதவு, கூப்பிடுவதற்கு முன்பே சாத்தியிருந்தது. சிவந்தி கூடையைத் தலைக்கு ஏற்றினாள். கிளம்பும்போது இருந்த கனம் அப்படியே இருந்தது.

*

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற வழியில், சாலைக்கும் கடலுக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு கிடக்கிற குப்பம் அவளுடையது. வெயிலும் உப்புக்காற்றும் எல்லோரையும் கருக்கிவிடுகிற அந்தக் கரையில் அவள் மட்டும் எப்படியோ செக்கச்செவேலென்று பிறந்து, அப்படியே வளர்ந்து, குமாரவேலுக்கு வாழ்க்கைப்பட்டாள். பிள்ளை மட்டும் இல்லை.

போன வருஷம் முதலில் வந்தது களைப்பு. கூடையைத் தலையில் வைத்தால் கண் இருட்டியது. உடம்பு இளைக்க இளைக்க, வயிறு மட்டும் இடதுபக்கம் மேடிட்டுக்கொண்டே போனது. குப்பத்துப் பெண்கள் கண்ணைச் சிமிட்டினார்கள். "வளையக்காரன வரச்சொல்லுங்கடி" என்று ஏலக்காரி பவுனம்மாள் கடற்கரையெல்லாம் தண்டோரா போட்டாள். குமாரவேல் யாருக்கும் தெரியாமல் மாங்காய் வாங்கி வந்து, கூரையில் செருகி வைத்திருந்து, வெட்கத்தோடு எடுத்துக் கொடுத்தான்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அந்த மாங்காய்க் கனவு முடிந்தது. வயிற்றிலிருந்தது பிள்ளை அல்ல, வீங்கிப் போன மண்ணீரல். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கணக்கில்லாமல் பெருகிவிட்டன, இது ரத்தத்தில் வருகிற புற்று என்றாள் டாக்டரம்மா. சீமையிலிருந்து புதிதாக ஒரு மாத்திரை வந்திருக்கிறது, சாப்பிட்டுப் பார்ப்போம் என்றாள்.

சாப்பிட்டாள். வயிறு தணிந்தது. பசி வந்தது. ஒருநாள் கூடையைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தபோது, சாலையில் போன மாட்டுவண்டிக்காரனைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்தாள். அவன் மிரண்டு போய் மாட்டைத் தட்டினான்.

அதற்கப்புறம்தான் கறுப்பு வந்தது. கழுத்தில் ஆரம்பித்து முகத்துக்கு ஏறிற்று. கைக்கு இறங்கிற்று. ரவிக்கை அழுத்துகிற இடமெல்லாம் பட்டை பட்டையாகக் கறுத்தது. பயத்தோடு குமாரவேலையும் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினாள்.

"மருந்தோட வேலை இது" என்றாள் டாக்டரம்மா, அவள் கையைத் திருப்பிப் பார்த்து. "சில பேருக்கு இப்படித் தோல் கறுக்கிறது. தொத்து வியாதி இல்லை. யாருக்கும் ஒட்டாது."

"போவாதாம்மா?"

"மாத்திரையை நிறுத்தினால் கொஞ்சம் வெளுக்கலாம்."

"அப்ப நிறுத்திப் பாக்கட்டா?"

டாக்டரம்மா அவள் வயிற்றில் கை வைத்தாள். "நிறுத்தினால் இது மறுபடி வீங்கும். அப்புறம் நான் புடிச்சு நிறுத்த முடியுமான்னு தெரியாது. இப்பவும் முழுசா தீர்ந்து போகும்னு நான் சொல்லலை. இருக்கிற வரைக்கும் எழுந்து நடமாடலாம். யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க இன்னாம்மா கீது? கறுப்பாவே நடமாடறேன்."

"இன்னொண்ணு. காயம் படாமல் பார்த்துக்கோ. இந்த மாத்திரை சாப்பிடுகிற உடம்பில் ரத்தம் லேசில் நிற்காது, சீழ் பிடித்தால் அடங்காது. மீன் முள்ளில் ஜாக்கிரதையாக இரு."

"மீன்காரியப் பாத்து முள்ளு குத்திக்காதேன்னா நான் இன்னாத்த விக்கிறது, மல்லிப்பூவா?"

டாக்டரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிவந்தி அன்றிலிருந்து மீனை அறுத்துக் கொடுப்பதை விட்டுவிட்டாள். முழு மீனாகத்தான் விற்றாள். மாத்திரை டப்பியை முந்தானை முடிச்சில் போட்டுக்கொண்டு, காலையில் எங்கே இருந்தாலும் அங்கேயே ஒரு மாத்திரையை விழுங்கினாள்.

டாக்டரம்மா சொன்னதைக் குப்பத்தில் எல்லோரிடமும் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டிக்கொண்டே ஓரடி தள்ளி உட்கார்ந்தார்கள். தினமும் ஏலம் முடிந்ததும் "வெத்தல குடுடி" என்று சிவந்தியின் சுருக்குப்பையில் கைவிடுகிற பவுனம்மாள், இப்போதெல்லாம் வீட்டிலிருந்தே வெற்றிலை மடித்துக்கொண்டு வந்தாள். பின்னால் கேலியும் கிளம்பிற்று. "சிவந்தியாம் சிவந்தி! இனிமே கருப்பாயின்னு கூப்புடுங்கடி!"

காதில் விழுந்தால் சிவந்தி திரும்பி நின்று, "கூப்புடு, வரேன். கடன் கிடன் கேக்கத்தானே போறே!" என்பாள். கேலி செய்தவள் வாயை மூடிக்கொள்வாள்.

கேலியைச் சமாளித்துவிடலாம். டோல்கேட் பேச்சைச் சமாளிக்க முடியவில்லை.

*

மீன் விற்காமல் அவள் திரும்பிய அன்று மத்தியானம், எல்லையம்மன் கோயில் பந்தலில் நாட்டார் தேசப்பன் ஊர்க்கூட்டம் போட்டார். குப்பத்துக்குத் தலைவர் அவர். பெரிய படகும் வலையும் அவருடையவை. குமாரவேல் அவர் படகில்தான் பங்குக்குப் போகிறான். கூட்டத்துக்குப் பெண்களைக் கூப்பிடுகிற வழக்கமில்லை.

குமாரவேல் வீட்டுக்குள் நுழைந்ததும் சிவந்தியைப் பார்க்காமல் பானையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"பேஜாராப் போச்சு. டோல்கேட்டுல, தண்டையார்பேட்டைல, எங்க போனாலும் நம்ம குப்பத்து மீனே வேணாங்கறாங்களாம். பெருவியாதிக்காரி, குஷ்டக்காரி தொட்ட மீனாம். நாட்டாரு கையப் பெசைஞ்சிக்கினு கீறாரு."

"எனக்குப் பெருவியாதி இல்லன்னு நீ சொன்னியா?"

"சொன்னேன். சொன்னா நம்பணுமில்ல? அதான் ஒரு சோதனை வெச்சிக்கீறாங்க. பெருவியாதி வந்த எடத்துல உணர்ச்சி இருக்காது. கறுத்த எடத்துல கெளுத்தி முள்ள வெச்சு ஒரு குத்து. நீ 'ஆ'ன்னு கத்தினியானா ஒண்ணுமில்ல, தீந்துச்சு. ஞாயித்துக்கெழம காலைல, ஊர் முன்னால. அது வரைக்கும் நீ கரைக்கு வரக்கூடாதாம்."

"நீ இன்னா சொன்னே?"

"ஒத்துக்கினேன்."

சிவந்தி அடுப்பிலிருந்த சோற்றை இறக்கி வைத்தாள். கெளுத்தி முள் குத்தினால் என்ன ஆகும் என்று அந்தக் கரையில் பிறந்த யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. நல்ல உடம்புக்காரனே இரண்டு நாள் காய்ச்சலில் படுப்பான், கை வீங்கிப் போகும்.

"டாக்டரம்மா சொன்னப்ப நீயும்தானே பக்கத்துல நின்னே? முள்ளு படக்கூடாதுன்னு சொல்லல?"

"ஒரு முள்ளுதானே சிவந்தி..."

"குத்தறது ஊரு. ஒழுகறது என் ரத்தம். நடுவுல ஒத்துக்கறதுக்கு நீ யாரு?"

குமாரவேல் சட்டென்று வேறு பக்கம் தாவினான். "சரி, முள்ளு வேணாம். கொஞ்ச நாளிக்கு அந்த மாத்திரைய நிறுத்தி வெய்யேன். கலரு திரும்பிடும். ஊரு வாய மூடும். அப்புறமா மறுபடி சாப்புட்டுக்கோ."

அவள் அவனுக்கு எதிரே வந்து நின்றாள். "மாங்கா வாங்கியாந்தியே, ஞாபகம் கீதா?"

அவன் கண் கூரைப் பக்கம் போனது.

"அந்த வவுறு மறுபடி வேணுமா ஒனக்கு? இந்தத் தரம் மாங்காயும் வாங்க முடியாது. வாய்க்கரிசிதான் வாங்கணும்."

குமாரவேல் அப்படியே தரையில் குந்தினான். மெல்ல, "அப்ப இன்னாதான் பண்றது?" என்றான்.

"முள்ளும் குத்திக்க மாட்டேன். மாத்திரையும் நிறுத்த மாட்டேன். கரைக்கு வராமலும் இருக்க மாட்டேன். நீ சோறு துன்னு."

*

அந்தக் கரையில் வியாபாரத்துக்குச் சீட்டோ கையெழுத்தோ கிடையாது. படகிலிருந்து இறக்கிய மீனை மணலில் குவிப்பார்கள். பவுனம்மாள் விலை கூவுவாள். கடைசி விலை சொன்னவள் தன் கூடையைக் குவியல்மேல் கவிழ்க்க வேண்டும். கவிழ்ந்தால் தீர்ந்தது. அதற்கப்புறம் எவரும் விலையை ஏற்ற முடியாது. படகுக்காரனே நினைத்தாலும் அதிலிருந்து ஒரு மீனை உருவ முடியாது. கவிழ்த்தவள் கைதான் கூடையை நிமிர்த்த வேண்டும். வேறு கை பட்டால் அந்தப் படகுக்குக் கேடு என்பது அவர்கள் நம்பிக்கை. போன மாசியில் ஒருவன் குடிவெறியில் யாரோ ஒருத்தியின் கூடையைக் காலால் தள்ளிவிட்டான். இதே தேசப்பன்தான் அவனை அம்மன் வாசலில் விழுந்து கும்பிட வைத்து, அமாவாசை வரைக்கும் கடலில் இறங்காமல் தடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை. மில்லுக்கு லீவு. பட்டணத்தில் மீன் அதிகம் போகிற நாள். தேசப்பனின் படகு வஞ்சிரத்தோடு வந்தது. குவியல் வெயிலில் வெள்ளித்தட்டுப் போலப் பளபளத்தது. ராயபுரத்து வியாபாரிகள் முண்டியடித்தார்கள். கோயில் வாசலில் ஒரு வாழையிலையில் கெளுத்தி முள் தயாராக இருந்தது. ஏலம் முடிந்ததும் சோதனை என்று பேச்சு.

பவுனம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். அவள் கூவினால் அலைச்சத்தம் அடங்கிவிடும். ஒருவர் ஏற்றினார், இன்னொருத்தி ஏற்றினாள், மறுபடி ராயபுரத்துக்காரர் ஏற்றினார்.

"அதுக்கு மேல ஒரு ரூவா."

கூட்டம் திரும்பியது. குரல் வந்த இடத்தில் தானாக வழி விலகிற்று. விலகிய வழியில் சிவந்தி நடந்து வந்தாள். தலையில் முக்காடு இல்லை. முழங்கை வரைக்கும் புடவையை இழுத்து மூடிக்கொள்கிற சில நாள் பழக்கமும் இன்று இல்லை.

"ஒரு தரம்... ரெண்டு..." பவுனம்மாளின் நாக்கு பழக்கத்தில் ஓடி, யாரென்று தெரிந்ததும் நின்றது.

மூன்றாம் தரத்துக்குச் சிவந்தி காத்திருக்கவில்லை. கூடையைக் குவியல்மேல் கவிழ்த்தாள்.

தேசப்பன் படகோரத்திலிருந்து விறுவிறுவென்று வந்தார். "ஏ சிவந்தி! இன்னா காரியம் பண்றே? கூடைய எடு!"

"வெல சொன்னேன், கவுத்தேன். எதுக்கு எடுக்கணும்?"

"சோதன முடியற வரைக்கும் நீ கரைக்கே வரக்கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?"

"யாருகிட்ட சொன்னே நாட்டாரே? நான் அந்தப் பந்தல்ல இல்லவே இல்லியே."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தேசப்பனின் முகம் சிவந்தது. "அடேய், யாராவது அந்தக் கூடைய எடுத்து அப்பால போடுங்கடா!"

ஒருவரும் அசையவில்லை. போன மாசி எல்லோருக்கும் நினைவிருந்தது.

"நீயே எடு நாட்டாரே" என்றாள் சிவந்தி. "உன் சட்டம்தானே. உன் படகுதானே. என் கையி பட்ட கூடைதான், ஒட்டிக்கும்னா துணி சுத்திக்கினு எடு."

அவர் கை பாதி நீண்டு, மடங்கியது. எடுத்தால் அவர் போட்ட கட்டு அவர் கையாலேயே அறுந்து போகும். எடுக்காவிட்டால் மீன் அவளுடையது. வாழையிலைப் பக்கம் கை காட்டினார்.

"அப்ப கையக் குடு. முள்ளக் குத்திப் பாத்துடலாம். நோவு இருந்தா மீன எடுத்துக்கினு போ, நான் குறுக்கே நிக்கல."

"எனக்கு நோவு கீதா இல்லியான்னு பாக்கணுமா? இத்தினி நாளா நீங்க பேசறது ஒவ்வொண்ணும் எனக்கு நோவுது. அது போதாதா?" குரல் உடையப் பார்த்தது. அவள் உடைய விடவில்லை. "முள்ளு குத்தினா என் ரத்தம் நிக்காதுன்னு டாக்டரம்மா சொல்லிக்கீது. நான் செத்தா பதில் சொல்றேன்னு இந்தக் கூட்டத்துல யாராவது முன்னால வா. வந்தா கையக் குடுக்கறேன்."

யாரும் வரவில்லை. அலை வந்து போயிற்று.

சிவந்தி கூடைக்குப் பக்கத்தில் மணலில் சாவகாசமாக உட்கார்ந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து டப்பியைத் திறந்தாள். ஒரு மாத்திரையை எல்லோரும் பார்க்க நாக்கில் வைத்துக்கொண்டு, செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றாள்.

அவளுக்கு அவசரமில்லை. மீனுக்கு இருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காக்கைகள் படகின் விளிம்பில் வந்து வரிசை கட்டின. இந்தக் குவியலுக்கு மூன்றாம் தரம் கூவாமல் மற்ற குவியல்களை ஏலம் விடக்கூடாது. ராயபுரத்துக்காரர்கள் வேறு குப்பத்துக்குப் போகலாமா என்று பேச ஆரம்பித்தார்கள். படகில் பங்குள்ள ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நாட்டாரே, மீன் கெட்டுடும்" என்றான் ஒருவன்.

"நம்ம பங்கும்தான் வெயில்ல கீது" என்றான் இன்னொருவன்.

அப்போது குமாரவேல் படகிலிருந்து குதித்தான். நேராகக் கூடையண்டை வந்து, மனைவிக்குப் பக்கத்தில் நின்றான். தொண்டையைச் செருமினான்.

"நான் ஒத்துக்கினது தப்பு நாட்டாரே. அது அவ கையி. நான் எப்படிக் குடுக்கறது?"

"பொண்டாட்டி பேச்சக் கேட்டுக்கினு ஊர எதுத்துக்கறியா?"

"எனக்கு அவ ஒருத்திதான் கீறா. ஊரு நெறைய கீது" என்றான் குமாரவேல். சொல்லிவிட்டு, தான் சொன்னதை நினைத்துத் தானே பயந்தவனைப் போல மணலைப் பார்த்தான்.

எல்லோரும் பவுனம்மாளைப் பார்த்தார்கள். அவள் வெற்றிலைச் சாற்றைப் புளிச்சென்று துப்பினாள்.

"இவளப் புடிச்சித்தான் சொல்றேன்னு யாரும் நெனைக்காதீங்க. இவ வாய எனக்குப் புடிக்காது. ஆனா கூடை கவுந்தா கவுந்ததுதான். இன்னிக்கு இவ கூடைய எடுத்தா, நாளைக்கு மூஞ்சி புடிக்கலன்னு இன்னொருத்தி கூடைய எடுப்பீங்க. அப்புறம் நான் கூவறத எவன் மதிப்பான்?" நிமிர்ந்து நின்று, கடல் திரும்பிப் பார்க்கிற குரலில் கூவினாள்: "மூணு தரம்!"

தேசப்பன் குவியலையும் கூட்டத்தையும் பார்த்தார். கெட்ட மனிதர் அல்ல அவர். குப்பத்துச் சோற்றுப்பானைகள் எல்லாம் அவர் தலைமேல் அடுக்கியிருக்கின்றன என்கிற நினைப்பு அவருக்கு.

"சரி" என்றார். "மீன் உன்னுது. ஆனா ஒண்ணு சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கோங்க. இத எடுத்துக்கினு டோல்கேட்டுக்கே போ. வேற எங்கயும் போவக்கூடாது. வித்துட்டு காலிக் கூடையோட வந்தியானா நான் வாயத் தொறக்க மாட்டேன். மீனோட திரும்பி வந்தியானா, முள்ளும் வேணாம் ஒண்ணும் வேணாம், நீயா இந்த மணல்ல காலு வெக்காதே. இருக்கிறவங்களையாவது பொழைக்க வுடு."

"சரி" என்றாள் சிவந்தி. கூடையை நிமிர்த்தினாள். குமாரவேல் மண்டியிட்டு, மீனை ஒவ்வொன்றாக எடுத்து அதில் அடுக்கினான். கூடைக்கு அடங்காத மிச்சத்தை அவன் ஒரு கோணியில் போட்டுத் தோளில் ஏற்றிக்கொண்டான்.

*

சாலையில் பாதி தூரம் போனதும், பின்னால் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. பவுனம்மாள்.

"ஏலத்த வுட்டுட்டு எங்க வந்தே?" என்றாள் சிவந்தி.

"மிச்சத்த அவசரமா கூவி முடிச்சிட்டு ஓடியாறேன். டோல்கேட்டுல எனக்கு ஜோலி கீது."

"இன்னா ஜோலி?"

"ஜோலின்னா ஜோலிதான். ரோட்ட நீ வாங்கிட்டியா? முன்னால பாத்து நடடி."

மில் லைன் முனையில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் சிவந்தி கூடையை இறக்கினாள். வீடு வீடாகப் போகப்போவதில்லை என்று வரும்போதே முடிவு செய்திருந்தாள். கதவைச் சாத்துகிறவர்கள் தெருவுக்கு வந்து எல்லோர் முன்னாலும் சாத்தட்டும். இரண்டு கைகளையும் நன்றாக விரித்து, ஒரு பெரிய வஞ்சிரத்தைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கூவினாள்:

"வஞ்சிரம்மா வஞ்சிரம்! கையி கறுப்பு, மீனு வெள்ள! மாத்திர துன்னு கறுத்த கையி! தைரியம் இருக்கிறவ வந்து வாங்கு!"

குழாயடியில் நின்றவர்கள் குடத்தை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். ஜன்னல்கள் திறந்தன. குமாரவேலுக்குக் கூச்சமாக இருந்தது. கோணிக்குப் பின்னால் மறைந்துகொள்ள முடியுமா என்று பார்த்தான்.

"இன்னாடி இது, வம்புக்கு இழுக்கிற மாதிரி கூவறே?" என்றாள் பவுனம்மாள்.

"மறைச்சிக் கூவினேன், ஒருத்தியும் வாங்கல. தொறந்து கூவிப் பாக்கறேன்."

கொஞ்ச நேரம் போனது. மீனைப் பார்த்தவர்கள் நெருங்கினார்கள், கையைப் பார்த்ததும் நின்றார்கள். வாய் ஊறுவது முகத்தில் தெரிந்தது, கால்தான் வரவில்லை. வரலட்சுமி தன் வாசலுக்கு வந்து நின்றாள். கைகளைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டு அங்கிருந்தே மீனை அளந்தாள்.

பவுனம்மாள் குழாய்த் திட்டில் உட்கார்ந்து மடியைத் துழாவினாள். சலித்துக்கொண்டாள்.

"வெத்தலைய வூட்லயே வெச்சிட்டு வந்துட்டேன். இந்தா சிவந்தி, ஒரு வெத்தல குடு."

சிவந்தி அவளைத் திரும்பிப் பார்த்தாள். பவுனம்மாள் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். மடியிலிருந்து வெற்றிலைப் பொட்டலத்தின் நுனி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சிவந்தி கவனித்தாள், கவனிக்காதது போல இருந்தாள். சுருக்குப்பையைத் திறந்தாள். தெரு முழுக்கப் பார்க்க, அந்தக் கறுத்த கை வெற்றிலைக்கு நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்தது. பவுனம்மாள் அதை வாங்கி நேராக வாயில் போட்டுக் கன்னம் புடைக்க மென்றாள்.

"சுண்ணாம்பு ஜாஸ்தி" என்றாள். "கையி கறுத்தும் உனக்கு அளவு தெரியல."

வரலட்சுமி படி இறங்கினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கூடையின் முன்னால் குந்தினாள். பவுனம்மாளின் அசைபோடும் வாயை ஒரு தரம் பார்த்தாள். சிவந்தியின் கையை ஒரு தரம் பார்த்தாள். தலைப்புக்குள் இருந்த கை வெளியே வந்தது. மேலே இருந்த வஞ்சிரத்தைப் புரட்டிச் செவுளைத் தூக்கியது. வயிற்றை அழுத்தியது.

முகத்தைச் சுளித்தாள்.

குமாரவேல் கோணியை இறுக்கிப் பிடித்தான்.

"இன்னாம்மே, செவுளு வெளுத்துக்கீது? நேத்து மீன ஏமாத்தி விக்கிறியா?"

ஒரு கணம் சிவந்திக்குப் புரியவில்லை. புரிந்ததும் அவளுக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ, அத்தனை நாளும் அடக்கிய குரல் தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"யாரப் பாத்து நேத்து மீன்னு சொல்றே? காலைல படகுலேருந்து எறங்கின மீனு! வெயில்ல கொஞ்ச நேரம் பஞ்சாயத்து கேட்டுக்கினு கெடந்துச்சு, அவ்ளோதான்! வேணும்னா வாங்கு, வேணான்னா கைய எடு!"

"கைய எடுன்னா எடுத்துடுவேனா? வெலையக் கொறைச்சிக்கினு பேசு."

"கொறைக்க மாட்டேன்."

"கொறைக்கலன்னா தோ, இந்தம்மாகிட்ட வாங்கிக்கறேன்."

"அவகிட்ட வெத்தலகூட கெடையாது, நீ மீனுக்குப் போறே!"

குழாயடியில் ஒரே சிரிப்பு. இரண்டாவதாக ஒருத்தி குந்தினாள். மூன்றாவது ஒருத்தி, "எனக்கு அந்தப் பெருசு" என்று வரலட்சுமியின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டினாள். "கைய எடு, நான்தான் மொதல்ல வந்தேன்!" என்று வரலட்சுமி அவள் மேல் பாய்ந்தாள். சிவந்தி அந்த இரண்டு கைகளுக்கும் நடுவிலிருந்து மீனைப் பிடுங்கி, தன் கறுத்த உள்ளங்கையில் வைத்துத் தூக்கிக் காட்டினாள்.

"சண்ட போடாதீங்கடி! கோணில இன்னும் கீது. யோவ், அவுத்துக் கொட்டுய்யா!"